சுவருக்கு ஒரு பக்கம்

கல்லாவுக்குப் பின்னால் கொழுவ
ஒரு பக்கம் வேணும் என்றாய். கண்ணாடிச் சட்டம் வாங்கியாயிற்று.
"அறுபத்தொன்பதிலயிருந்து எண்டு தொடங்கு, அக்கா.
கனக்க எழுதாதை.
கோன் உருகுறதுக்குள்ளை சனம் வாசிச்சு முடிக்கோணும்."
சரிதான்.
ஆனால் எங்கள் வியாபாரம் பாலில் தொடங்கவில்லை, சோதி.
தண்ணீரில் தொடங்கியது.

உரும்பிராயில் நாலு மாடு.
விடியக் கறந்து சைக்கிளில் கொக்குவில் மட்டும் ஐயா கொண்டுபோவார்.
ஒரு வைகாசி வெள்ளி
பீ.எச்.ஐ. மறித்து லக்ரோமீற்றரைப் பாலுக்குள் விட்டார்.
அது தயங்காமல் தாழ்ந்தது.
மல்லாகம் கோட்டில் நாற்பது ரூபாய் குற்றம்.
கலந்தது ஐயா இல்லை, அம்மா.
என் சப்பாத்துக்கு இரண்டு ரூபாய் குறைந்ததாம்.
கூண்டில் நின்ற ஐயாவுக்கு அது தெரியும்.
ஐயாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.
சாகும்வரை ஒருவரோடு ஒருவர் அதைக் கதைக்கவில்லை.
எனக்குத் தனித்தனியே சொன்னார்கள்.

பிறகு ஒரு வீட்டுப் படலையும் திறபடவில்லை.
பால் மிஞ்சியது. மிஞ்சினது திரைந்தது.
குருநகரில் மீனுக்கு உடைக்கிற ஐஸ்,
ஆனையிறவு உப்பு, மரவாளி, ஒரு கைபிடி.
ஐயா சுற்றினார்.
அவமானமும் சுற்றச் சுற்ற இறுகும்போல.
முதல் கிண்ணத்தில் சூடை மணத்ததாம்.
அதை அமத்தத்தான் றோஸ் எசன்ஸ் வந்தது.
நம்முடைய ஸ்பெஷல் இன்றைக்கும் இளஞ்சிவப்பாக இருப்பதற்குக்
காரணம் பாரம்பரியம் இல்லை,
மீன்.
பாலில் தண்ணீரைப் பொறுக்காத ஊர்
தண்ணீர் உறைந்து வந்தபோது
வரிசையில் நின்று வாங்கியது, கிண்ணம் இருபத்தைந்து சதம்.

தொண்ணூறில் கரண்ட் போனது.
மண்ணெண்ணெய் ஜெனரேற்றர், இழுத்தால் இருமும்.
சென்ட் போத்தலில் பெற்றோல் வைத்து
நாலு துளி மூக்கில் விட்டால்தான் எழும்பும்.
அந்தப் போத்தல் எனக்குப் பேசின இடத்திலிருந்து வந்தது.
கலியாணம் சரிவரவில்லை.
போத்தல் ஐந்து வருசம் உழைத்தது.

இனி அந்த ஐப்பசி இரவு. நீ காய்ச்சலோடு வண்டிலில் கிடந்தாய்.
மழை. வீதி நிறையச் சனம், நாவற்குழிப் பக்கமாய்.
பெட்டிக்குள் எழுபது லீற்றர்.
"சும்மா குடுங்கோவன்" என்றா அம்மா.
ஐயா வாளியோடு கேற்றடியில் நின்றார்.
ஒருவரும் கை நீட்டவில்லை. ஒருவருக்கும் கை மிச்சமில்லை.
ஒரு பெடியன் மட்டும் நின்றான், கக்கத்தில் கோழி.
எப்படி வாங்குவது என்று அவன் யோசிக்குமுன்
தாய் இழுத்துக்கொண்டு போனாள்.
வாய்க்காலில் ஊற்றினோம்.
வெள்ளம் கொஞ்சத் தூரம் றோஸாக ஓடியது.
ஐயா ரோர்ச் வெளிச்சத்தில் கொப்பியை எடுத்து எழுதினார்:
விற்பனை இல்லை. தண்ணீர் 70 லீ.
பிறகு மாட்டுக் கயிறுகளை அறுத்தார்.

சித்திரை கழிந்து திரும்பினால்
செம்பி மட்டும் நின்றது,
தொடையில் வேறு ஆரோ சுட்ட குறியோடு.
ஒரு கிழமையில் அந்த ஆரோவும் வந்தார். கோண்டாவில்காரர்.
சண்டை பிடிக்க இருவருக்கும் சத்தியில்லை.
ஒருநாள் விட்டு ஒருநாள் பால் என்று முடிந்தது.
செம்பி ஒற்றை நாட்களில் எங்களுக்கும்
இரட்டை நாட்களில் அவருக்கும் கறந்தது.

மிச்சம் உனக்குத் தெரியும்.
பாதை திறந்தது, தெற்கிலிருந்து பஸ் பஸ்சாய் வந்தார்கள்,
நீ விலைப்பட்டியலை மூன்று பாசையில் எழுதினாய்.
நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாப் பிள்ளைகள் வந்து
வனிலா இல்லையா என்று கேட்கிறார்கள்.
பால் இப்போது மாவாய் மூட்டையில் வருகிறது.
தண்ணீரை நாங்களே கலக்கிறோம்,
சட்டப்படி.

உன் சட்டம் பதினெட்டு அங்குலம். இதெல்லாம் கொள்ளாது.
வெட்டு.
அம்மாவின் வரியை முதலில் வெட்டு.
இல்லாவிட்டால்
அதை மட்டும் விடு.