ஒரு நூல்

கறுப்புக் கல்லை ஏற்றவில்லை.
சேவலின் கண், கம்பெனிப் பெயர்,
‘ஐம்பது குச்சி’ என்ற எழுத்து,
எல்லாம் அதில்தான் இருக்கின்றன.
சுவரோரம் சாய்ந்து கிடக்கட்டும்.

கோவில்பட்டியில் ஒன்பதுக்கே மின்சாரம் போனது.
கைமிஷின்தான், பாதகமில்லை.
கல்லில் ஈரத்துணி, பிறகு உருளை.
மசி ஒட்டும் இடமும் தண்ணீர் தள்ளும் இடமும்
தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும்.
நான் நடுவில் போவதில்லை.

பர்மா எல்லையில் லாரிக்குள் அச்சடித்தோம்,
துத்தநாகத் தகட்டில்.
மேட்டுக்கோடு பழுப்பு, காடு பச்சை, ஆறு நீலம்.
மைலுக்கு ஓர் அங்குலம்.
மழையில் காகிதம் உப்பி
ஒருநாள் நீலம் ஒரு நூல் விலகியது.
ஒரு நூல் என்றால் அங்கே ஒரு பர்லாங்கு.
கரை என்று நான் அடித்திருந்த இடத்தில்
பதினொரு பேர் இரவில் கால் வைத்தார்கள்.
தாளின் மூலையில் என் முதல் எழுத்து இருந்தது.
யாரும் கேட்கவில்லை.
மெடலும் ரயில் பாஸும் கொடுத்தார்கள்.

இப்போது தீப்பெட்டி லேபிள்.
பகலெல்லாம் தாளுக்கு நூறு சேவல்,
நூறும் கொண்டை பிசகாமல்.
இரவில்தான் விலக்குகிறேன்.
முதல் இரவு மஞ்சளை ஒரு நூல் கிழக்கே.
மறுநாள் சிவப்பைத் தலைகீழாக.
நேற்று நீலம்: நான்கு நூல், இல்லை, ஏழு.
மஞ்சளும் நீலமும் மோதிய இடத்தில்
நான் கலக்காத ஒரு பச்சை நின்றது,
எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லாமல்.
கல்லின் பழைய தழும்பு ஒன்று வெள்ளையாக விழுந்தது.
விட்டுவிட்டேன்.
பதினொரு தாள்.
பன்னிரண்டாவது அடிப்பதில்லை.

காலையில் கணக்கர் தளவாய்
ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
“என்னவே இது, சேவல எங்க?”
போயிட்டுது என்றேன்.
“எங்க போச்சு?”
சும்மா நின்றேன்.
‘கழிவு’ என்று எழுதி
ஐந்தரை அணா கூலியில் பிடித்தார்.

பெட்டி ஒட்டும் உலகம்மாள்
பசைக் கையோடு எட்டிப் பார்த்தாள்.
என்ன என்று கேட்கவில்லை.
“இதுல எங்கன நிக்கணும்?” என்றாள்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
எங்க வேணும்னாலும்.
எங்க வேணும்னாலும் நிக்கலாம்.

நீலத்தின் ஓரத்தில் விரல் வைத்தாள்.
ரேகை விழுந்துவிட்டது.
ஐயோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.
நான் பென்சிலை எடுத்து, மூலையில்
என் முதல் எழுத்தைப் போட்டேன்,
பக்கத்தில் அவளுடையதை.

மசி காய இரண்டு நாள் ஆகும்.
இந்தக் கரிசல் காற்றுக்கு ஒன்றரை.