இருபதாவது வளைவுக்கு அப்புறம்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் மணி நாலே முக்கால்.
தில்ஷாத் மகனுடைய சைக்கிளில் வந்திருக்கிறாள்,
சீட்டை இறக்கத் தெரியாமல்
கால் நுனியால் தரையைத் தேடிக்கொண்டு.
என்னுடையது செகண்ட் ஹேண்ட்.
ஏழு கியரில் நாலுதான் விழும்.

கோரிமேடு தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தோம்,
அவள் மாமியாரின் சர்க்கரை, என் வீட்டு மோட்டார்.
அடிவாரச் செக்போஸ்ட்டில் டார்ச் அடித்துப் பார்த்தவர்
"சைக்கிள்லயா?" என்றார்.
அதற்குப்பின் பேச்சு இல்லை.
மூச்சுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

மலை என்றால் ஏறுவது என்று நினைத்திருந்தேன்.
இல்லை, திரும்புவது.
சேலத்தை ஒரு வளைவில் இடது தோளில் வைத்து
அடுத்ததில் வலது தோளுக்கு மாற்றி
சுமைகாரர் மூட்டை மாற்றுவதுபோல்
விளக்கெரியும் ஊரையே தூக்கிக்கொண்டு போவது.

ஆறாவது வளைவில் ஒரு குரங்கு
ஹேண்டில்பாரில் தொங்கிய பையைப் பிரித்து
தட்டுவடை செட்டை எடுத்துக்கொண்டது.
சுவரில் உட்கார்ந்து, நிதானமாய்,
காரச் சட்னியை மட்டும்
கல்லில் வழித்துவிட்டுத் தின்றது.

ஒன்பதில் இறங்கிவிட்டேன்.
கல்வெர்ட்டில் உட்கார்ந்து அழுதேன்.
வலியால் இல்லை.
பன்னிரண்டு வருஷம் மருந்துக்கடைக் கவுண்டரில்
நின்றே தேய்ந்த கால்களுக்கு
போவதென்றால் என்னவென்று
இன்றைக்குத்தான் சொல்லித்தருகிறேன்.
அடம்பிடிக்கின்றன.

தில்ஷாத் ஆறுதல் சொல்லவில்லை.
என் செயினைத் தொட்டுப் பார்த்து
விரலை பாறையில் துடைத்துக்கொண்டாள்.
"பத்துல போய் அழு. அங்க நெழல் இருக்கு."

பத்தில் அழுகை வரவில்லை.

பதினாலில் பால் வண்டி நின்றது.
"பின்னாடி தூக்கிப் போட்டுக்கறேன், வாங்கக்கா."
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் ஏறியிருப்போம்.

பிறகு சில்வர் ஓக்குகள்,
அவற்றின் இடுப்பில் மிளகுக்கொடி.
முந்தாநாள் மழைக்குப் பூத்த காப்பித் தோட்டம்
இன்னும் வாசனையை உள்ளே எடுத்து வைக்கவில்லை.
வியர்வை முதுகிலேயே குளிர்ந்தது.
இருபது என்ற பலகையை
தில்ஷாத் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்,
தேர்வில் பாஸான பையனின் முதுகைத் தட்டுவதுபோல்.

இருபதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பது.
ஏரிக்கரையில் டீயைக் குடித்துவிட்டு
சேர்வராயனுக்குத் திரும்பும்போதுதான் தெரிகிறது,
இனி வருவது எண் போடாத ஏற்றம்.
எத்தனை போனது, எத்தனை மிச்சம்
என்று சொல்ல ஆளில்லை, பலகையில்லை.
பாதி வழி தள்ளிக்கொண்டே நடந்தோம்.

உச்சி என்றால் கூராக இருக்கும்,
ஒருவர் நிற்க மட்டும் இடமிருக்கும் என்று
நான் மனசில் வரைந்து வைத்திருந்தேன்.
வந்து பார்த்தால் மைதானம்.
புல், செம்மண், காற்று.
நாலு பேர் கிரிக்கெட் ஆடலாம்.
சாமி அந்த மைதானத்துக்கும் கீழே, குகைக்குள்.
ஐயாயிரம் அடிக்கு மேல் ஏறவைத்த மலை
கடைசிப் பத்தடிக்குக் குனி என்கிறது.

குனிந்தேன்.
உள்ளே சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மன்.
மேட்டூரில் தேங்கி, பவானியில் கூடிப் போகிறவளுக்கு
இத்தனை உயரத்தில் என்ன வேலை?
இறங்கியே பழகியவள்
எந்த வளைவில் உட்கார்ந்து அழுதாளோ.
கூரையிலிருந்து ஒரு சொட்டு
என் பிடரியில் விழுந்தது.
வெளியே சைக்கிள்களுக்குக் காவலிருந்த தில்ஷாத்தும்
குனிந்துதான் இருந்தாள்,
ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு.

இறக்கத்தில் மிதிக்க ஒன்றுமில்லை.
பிரேக் ரப்பர் கருகும் வாசனை,
காதுக்குள் காற்று,
பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு,
காலையில் கால்மணி நேரம் தின்றவை
ஒரு கொட்டாவிக்குள் முடிந்தன.

ஒன்பதில் வேகத்தைக் குறைத்து
நான் அழுத கல்வெர்ட்டைத் தேடினேன்.
வெள்ளையடித்த கல்வெர்ட்டுகள் மூன்று இருந்தன.
எதுவும் என்னுடையதுபோல் இல்லை.
"ரோட்டப் பாருடீ" என்று பின்னாலிருந்து கத்தினாள்.
பார்த்தேன்.