நூற்று நாற்பதாவது மீட்டர்

எனக்கு மணிக்கணக்கில் கூலி.
டீசல் போக ஆயிரத்து இருநூறு.
பெத்தாச்சிக் கண்மாய் வரத்துக்காலைச்
சுத்தம் பண்ணச் சொல்லியிருந்தார் காண்ட்ராக்டர் வைரவன்.
சுத்தம் என்றால் எனக்குத் தெரியும்:
கோரை கூடாது, சம்பு கூடாது, நாணல் கூடாது.
சாப்பிட்டு வழித்த இலைபோல் இருக்கவேண்டும் வாய்க்கால்.

கண்டனூர் ரோட்டுப் பாலத்திலிருந்து கண்மாய் வரை முந்நூறு மீட்டர்.
நூற்று நாற்பதில் ஹோஸ் வெடித்தது.
பீய்ச்சிய ஆயிலில்
ஆவாரஞ்செடி ஒன்று கறுத்துப்போனது.
பக்கெட் அந்தரத்தில் நின்றது,
பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட ஆளின் கைபோல.

காரைக்குடியில் அந்த அளவு இல்லை.
மதுரையிலிருந்து வர நாலு நாள் என்றார்கள்.
இரண்டாம் நாள் ராத்திரி
ஐப்பசி இறங்கியது.

விடிந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன்.
நான் வழித்த பகுதியில்
தண்ணீர் ஓடவில்லை, தப்பித்து ஓடியது.
கரையைக் கடித்துக்கொண்டு,
சேவுகப்பெருமாள் முந்தாநாள் வயலில் இறைத்த
டி.ஏ.பி.யையும் செவலையும்
ஒரே வாயில் அள்ளிக்கொண்டு.

அப்புறம் அது புல்லுக்குள் போனது.

போனதோடு சரி.
வேகம் எங்கே என்றால் கோரையைத்தான் கேட்கவேண்டும்.
ஒவ்வொரு தண்டையும் சுற்றி, முட்டி, ஒதுங்கி,
தேர் வருகிற தெருவில் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரன்போலக்
காலை ஊன்றி நின்றது.
நின்றதும் தூக்கிவந்ததை இறக்கியது.
முதலில் மணல்.
பிறகு குறுமண்.
கடைசியாக மாவுபோல ஒன்று,
சம்புத் தண்டுகளின் அடியில் விரல்கடை உயரத்துக்கு.

ஸ்கூட்டியில் ஐஸ்பெட்டி கட்டி வந்திருந்தார்
மண் பரிசோதனைக் கூடத்துப் பாத்திமுத்து.
இரண்டு பாட்டில்.
ஒன்று என் வண்டி நின்ற இடத்தில், ஒன்று கண்மாய் வாயில்.
"சரியான எடத்துல நிறுத்தியிருக்கீங்கண்ணே."
"நான் எங்க நிறுத்துனேன். வண்டி நின்னுச்சு."

வடிகட்டி, சொட்டு விட்டு, பத்து நிமிஷம்.
என் பாட்டில் நீலமானது,
வேட்டி முக்குகிற வாளிபோல.
மற்றதும் நீலம்தான்,
அந்த வேட்டியை மூன்றாம் முறை அலசிய தண்ணீர் அளவுக்கு.

மணிச்சத்து என்றார்.
நெல்லில் மணி பிடிக்கப் போடுவது.
நெல்லை விட்டுக் கண்மாய்க்குப் போனால்
பாசி பிடிக்கும்.
மேலே பச்சை ஜமுக்காளம்,
கீழே வாயைத் திறந்து திறந்து மூடும் கெண்டை.

மணிக்கூலி வாங்குகிறவன்.
மணி எங்கே போகிறது என்று
பதினாறு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப இப்படியே விட்டுறலாமா?"
தலையை ஆட்டினார்.
புல் தின்றுவிடவில்லை, வாங்கி வைத்திருக்கிறது.
வெயிலில் காய்ந்து, அழுகி,
அடுத்த மழையில் திருப்பிக் கொடுத்துவிடும்.
கரைந்து வருவதில் கொஞ்சம் இப்போதே நழுவுகிறது.
புல் ஒன்றும் சாமி இல்லை.
"அடகுண்ணே. மீட்கலைன்னா மூழ்கிரும்."
பங்குனியில் கோரையை அறுக்கவேண்டும்,
வேரை விட்டுவிட்டு.
வண்டலைச் சுரண்டிச்
சேவுகப்பெருமாள் வயலிலேயே போடவேண்டும்.
அவர் காசு கொடுத்து வாங்கியதுதானே.

ஹோஸ் வந்தது.
மிச்ச நூற்று அறுபதைத் தொடவில்லை.
வழித்த பக்கத்துக்கே திரும்பிப்போய்
இரண்டு ஓரத்திலும் முழங்கால் உயரத்தில்
அகலமாக ஒரு படி வெட்டினேன்.
கோடையில் தண்ணீர் நடுவில் ஒல்லியாக ஓடட்டும்,
வெள்ளத்தில் படியேறி
காலை நீட்டி உட்காரட்டும்.
புல்லை நான் நடவில்லை.
எட்டாம் நாள் படியில்
ஊசி ஊசியாகப் பச்சை.

பில் எழுதினேன்.
வண்டி ஓடியது ஒன்பது மணி நேரம்.
ஓட்டாமல் விட்டது நூற்று அறுபது மீட்டர்.
ரெண்டாவதுக்கு என்னய்யா ரேட்டு
என்று கேட்டு, போனை வைக்காமல் இருக்கிறார் வைரவன்.