இரண்டாவது கதவு

நாற்பது பக்க நோட்டு.
அட்டையில் இருந்த மகளின் பெயரை அடித்துவிட்டு
'கழிப்பறை வரவு' என்று எழுதினேன்.
எழுதும்போதே கூச்சமாயிருந்தது.
கூழ் ஊற்ற, தேர் இழுக்க, மைக்செட் கட்ட
வசூலுக்குப் போனால்
எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.
இதற்கு மட்டும் ஒவ்வொரு வாசலிலும் நின்று
சொல்லவேண்டியிருந்தது:
பொம்பளைங்களுக்கு. ஆமா. அதுக்குத்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் விடிகாலை,
கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்களுக்குப் பின்னால்
நாங்கள் போய்வந்த வருடங்களை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஹெட்லைட் திரும்பும்போதெல்லாம்
பாதியில் எழுந்து நின்றோம்,
தேசிய கீதம் போட்டதுபோல.

முதல் வரவு, இறால் உரிக்கும் தேசம்மா. ஐம்பது.
அந்தப் பக்கத்தில் இன்னும் வாசனை இருக்கிறது.
ஐஸ் பேக்டரி டில்லிபாபு இருநூறு தந்து
'பேரு போடாதக்கா, ஊட்ல தெரியக்கூடாது' என்றான்.
மறுநாள் அவன் பெண்டாட்டி வந்து நூறு தந்தாள்,
'அதுக்குத் தெரியக்கூடாது.'
கேரம் பையன்கள் பந்தயக் காசைக் கொட்டினார்கள்,
எல்லாம் சில்லறை,
எல்லாவற்றிலும் பவுடர்.

எட்டியப்பன் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.
'என் போட்டு கல்லுல மோதி உடைஞ்சப்போ
எவ நோட்டு தூக்கினு வந்தீங்க?'
யாரும் வரவில்லை.
நானும்தான்.

தடைக்காலம், அறுபத்தோரு நாள்.
காசிமேட்டில் லாஞ்சிகள் கட்டிக் கிடந்தன.
எவன் கையிலும் துட்டில்லை,
ஆனால் எல்லார் கையும் சும்மா இருந்தது.
வலை இழுத்த தோள்கள் மணல் சுமந்தன.
வியாசர்பாடியிலிருந்து ஞாயிறுதோறும்
மேஸ்திரி அந்தோணிராஜ் வந்தார்.
கூலி, கவளைக் குழம்பு.
அதிலும் முள் அதிகம் என்று
ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புகார்.

சுவர் எழும்பியது.
இரண்டு அறை, ஒரு குழாய், மேலே சிமெண்ட் ஷீட்.
நோட்டைக் கூட்டினேன். மூன்று தடவை கூட்டினேன்.
ஒரு கதவுக்குத்தான் இருந்தது.

வெள்ளை ஹெல்மெட்டோடு ஒரு கம்பெனிக்காரர் வந்தார்.
மொத்தச் செலவும் தருகிறோம்,
மேலே எங்கள் பலகை வைக்கவேண்டும் என்றார்.
பலகையின் அளவைக் கையால் காட்டினார்,
கதவைவிடப் பெரியது.
'அப்புறம் லேடீஸ் எல்லாம் வரிசையா நிக்கணும்.
ஒரே ஒரு போட்டோ.'
தேசம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
'நின்னு நின்னு முடியாமத்தான் சார்
இத்தக் கட்றோம்.'

அன்று இரவு மணலில் எதையோ இழுக்கும் சத்தம்.
காலையில் பார்த்தால்
இரண்டாவது அறை வாசலில் எட்டியப்பன்,
வாயில் இரண்டு திருகாணி.
உடைந்த ஃபைபர் போட்டின் ஒரு பக்கத்தை அறுத்து
கீல் மாட்டிக்கொண்டிருந்தார்.
நீலத்தின் மேல் மஞ்சள் கோடு.
பதிவெண் பாதிதான் இருந்தது,
மீதி அறுத்த துண்டோடு போயிருந்தது.
படகின் வயிறு அல்லவா, கொஞ்சம் வளைவு.
மூடும்போது தோளால் ஒரு இடி இடிக்கவேண்டும்.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
'தாழ்ப்பா மட்டும் நீங்க வாங்கிக்கங்க.'

தாழ்ப்பாள் நாற்பத்தைந்து ரூபாய். எழுதியாயிற்று.
கதவை எழுதப் போனேன்,
தொகைக் கட்டத்தில் பேனா நின்றது.
கடைசியில் அதைப் பற்றுப் பக்கத்தில் எழுதினேன்:
எட்டியப்பன் போட்டு. நாங்கள் தராதது.
கணக்கு இடிக்கிறது என்கிறாள் மகள்.
இடிக்கட்டும்.

மறுநாள் விடியுமுன் உள்ளே போனேன்.
தோளால் இடித்துத் தாழிட்டேன்.
வெளியே லாரி ஒன்று திரும்பியது.
வளைந்த விளிம்பின் சந்தில்
வெளிச்சம் ஒரு கோடாக நுழைந்து
சுவரில் ஊர்ந்து, போய்விட்டது.
நான் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் பல்பைக் காணோம்.
எந்தக் கழுதை கழற்றியதோ.
புதுப் பக்கம் திருப்பினேன்.
தேசம்மா, பத்து.