ஒன்றரைப் புள்ளி

என் உடம்புக்கு ஒன்றரைப் புள்ளி போட்டார்கள்.
ரம்லத்துக்கு நாலு: அவள் இடுப்பு திரும்பும்.
எனக்கு மார்புக்குக் கீழே செய்தி போவதில்லை.
களத்தில் ஐந்து பேரைக் கூட்டினால்
பதினாலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.
ஆகவே மலிவாக ஒருத்தி
எல்லா அணிக்கும் வேண்டும்.

ஆட்ட நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்தவை.
எங்கள் வீட்டு நிலையில் நுழையாது.
கொழிஞ்சாம்பாறையில் அது ஆடுகளோடு தூங்குகிறது.
விடிந்ததும் ஸ்போக்கில் ஒட்டிய புழுக்கையைத்
தட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போவேன்.

சித்தூரில் அரையிறுதி. எதிரே கோயம்புத்தூர்.
திட்டங்களைச் சத்தமாகவே பேசினார்கள்,
மலையாளத்துக்காரிகளுக்கு என்ன புரியப்போகிறது என்று.
"மூணாம் நம்பர அடைச்சு நில்லு பூங்கோதை,
அதுக்கு எடதுகைப் பக்கம் வராது."
அது என்றால் நான்.
இரண்டு குவார்ட்டர் தமிழில் வாயே திறக்கவில்லை.
காதில் விழுந்ததை எல்லாம்
அரைகுறை மலையாளத்தில் ரம்லத்திடம் கடத்தினேன்,
வேலந்தாவளம் வழியே ரேஷன் அரிசி போகிற மாதிரி.

மூன்றாவதில் மோதினாள் பூங்கோதை.
இரும்பும் இரும்பும்.
நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தேன்,
ஒரு சக்கரம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது.
உள்ளங்கையை ஊன்றி எழப் பதினோரு நொடி ஆகும் எனக்கு.
ஆட்டம் அதற்காக நிற்க வேண்டாம், நிற்கவும் இல்லை:
பந்து ரம்லத்திடம்.
அவளுக்கும் வளையத்துக்கும் நடுவே
ஒரு ஈ காக்கை இல்லை.

அப்போதுதான் ஓடி வந்தார்,
சுமட்டுத் தொழிலாளியின் நீலச் சட்டையில் ஒருவர்.
"அய்யோ மோளே" என்று
என்னையும் நாற்காலியையும் சேர்த்து
அரிசி மூட்டை போல் அலாக்காக நிமிர்த்தி வைத்தார்.

விசில்.

ரம்லத் எறிந்தது வளையத்தில் விழுந்தது,
கணக்கில் விழவில்லை.
கூட்டம் எழுந்து நின்று
அவருக்குக் கைதட்டியது.
நான் தமிழில் திட்டினேன், நல்ல தமிழில்லை.
கோயம்புத்தூர் பெஞ்சு மொத்தமும் திரும்பியது.
"அடிப்பாவி" என்றாள் பூங்கோதை.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

வெளியே வேனருகில் அவர் நின்றிருந்தார்,
தோள் துண்டைக் கசக்கிக்கொண்டு.
கணவாய்க் காற்று அதையும் பிடுங்கப் பார்த்தது.
ஏதோ சொல்ல வந்தார். நான் கைகாட்டினேன்:
எட்டு நாற்காலி, பதினாறு பெரிய சக்கரம், ஒரு பம்பு.

"இப்பத் தூக்குங்க."

தமிழிலேயே சொன்னேன்.
புரிந்தது.