கொசுறு

சந்தைக்கு முதல் நாளே போய்விட வேண்டும்,
சேதி முந்திவிட்டால் எடைக்கற்கள் ஒளிந்துகொள்ளும்.
என் உத்தியோகத்தில் இதுதான் முதல் பாடம்.
ஆனால் இன்வெர்லூனில் ரயிலை விட்டு இறங்கும்போதே
நிலக்கரிக்காரன் லீஸ்க் என் பெட்டியைப் பார்த்துவிட்டான்.
மகோகனிப் பெட்டி. உள்ளே வெல்வெட்டில்
மகாராணியின் பவுண்டுகள்
பால் குடித்த குட்டிகள் போலத் தூங்கும்.
நான் பாலத்தைத் தாண்டுவதற்குள்
ஊர் மொத்தமும் சரியான எடைக்கு வந்துவிட்டது.

கைப்பிடியால் ஆணி அள்ளிக் கொடுக்கும் செருப்புக்கார மச்
அன்றைக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்,
நாக்கைக் கடித்தபடி.
ரொட்டிக்கடையில் ஒவ்வொரு ரொட்டியின் மேலும்
ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார்கள்,
காயத்துக்குக் கட்டுப்போட்டது மாதிரி.
மீன்காரி ஐசபெல் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
அவள் ஹெர்ரிங்கை எண்ணி விற்கிறவள்.
எண்ணிக்கையில் என் அதிகாரம் செல்லாது.

தெருக்கோடியில் கிரிசல் இம்ரியின் மளிகை.
ஈரக் கம்பளியும் பாரஃபினும் கலந்த வாடை.
ஆலைக் கூலி சனிக்கிழமைதான்,
திங்களன்று எல்லாரும் கணக்கெழுதி வாங்குகிறவர்கள்.
வரிசை கலையட்டும் என்று காத்திருந்து
நாலு பவுண்டுக் கல்லைத் தட்டில் ஏற்றினேன்.
முள் தப்பான பக்கம் சாய்ந்தது.

என் தராசுதான் சரிந்து நிற்கிறதென்று நினைத்தேன்.
மேசைக்காலுக்குக் காகிதம் மடித்து வைத்தேன்.
மறுபடியும் அதேதான்:
ஒன்றரை அவுன்ஸ் கூடுதல்.
அதாவது இந்தப் பெண்பிள்ளை
ஓட்ஸ் மாவில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள்.
கல்லைத் திருப்பினேன். அடியில் துளை,
துளைக்குள் ஈயம்.

“தெரியும்” என்றாள், நான் வாயைத் திறக்குமுன்.
உப்புப் பீப்பாய்க்குப் பின்னால் கைவிட்டு
இன்னொரு கல்லை எடுத்து வைத்தாள்.
அதன் அடி அரத்தால் ராவப்பட்டு
நிலாப்போல மினுங்கியது.
“இது அவருடையது. பதினோரு வருஷம்.
கல்லறையில் நேர்மையானவர் என்று வெட்டியிருக்கிறது,
எழுத்துக்கு இரண்டு பென்னி கொடுத்தேன்.”

“உன்னுடையது?”
“இரண்டு வருஷம்தான் ஆகிறது.”

“கனடாவுக்குக் கப்பலேறியவர்களுக்கு
எப்படித் திருப்பித் தருவாய்?”
அவள் கல்லாப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
“தர முடியாது” என்றாள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
“நட்டத்தைத் தேயிலையில் எடுத்துக்கொள்கிறேன்.
ஆலை முதலாளி வீட்டுக்கும் போதகர் வீட்டுக்கும்
தேயிலை இங்கிருந்துதான் போகிறது.”
அவுன்ஸ் கற்களைச் சோதித்தேன்.
ஒரு மயிரிழை பிசகில்லை.
விலை என் இலாகா அல்ல.

என் படிவத்தில் “குறை” என்ற பத்தி
ஆண்டுதோறும் மையில் நனைகிறது.
பக்கத்தில் “மிகை”. பன்னிரண்டு வருஷமாக
அதில் பேனா பட்டதில்லை.
எழுதினேன். பொய்க்கல் பொய்க்கல்தான், சட்டத்துக்கு;
எந்தப் பக்கம் பொய் சொன்னாலும்.
இரண்டையும் பறிமுதல் செய்தேன்.
“ஐந்து ஷில்லிங் ஆகலாம், நீதிபதியைப் பொறுத்து.”
“அவர் மனைவியும் என் தேயிலைதான்” என்றாள்.

ரயிலுக்குக் கால் பவுண்டு பாலாடைக்கட்டி கேட்டேன்.
என் பெட்டியைக் காட்டினாள்.
“மிச்சமிருக்கிறதை நம்புவீர்களோ என்னவோ,
உங்களுடையதையே வையுங்கள்.”
வெல்வெட்டிலிருந்து கால் பவுண்டை எடுத்து வைத்தேன்.
கம்பியால் ஒரே வெட்டு.
முள் நடுவில் வந்து மூச்சடக்கி நின்றது.
பாராட்ட வாயெடுத்தேன்.
அவள் ஓரத்தில் ஒரு விரல்கடை கிள்ளி
மேலே போட்டாள்,
என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே.
என் தட்டு எழும்பியது.

ரயில் இருபது நிமிடம் தாமதம்.
நடைமேடையில் லீஸ்க் கரிமூட்டை நிறுத்துக்கொண்டிருந்தான்,
மிகமிகச் சரியாக.
நான் முதுகைத் திருப்பிக்கொண்டு
பொட்டலத்தைப் பிரித்தேன்.
கொசுறைத்தான் முதலில் தின்றேன்.