மூன்றடி பின்னால்

வெளிச்சம் அவள்மேல் விழும்.
சிந்தியது எனக்கு.

பத்தொன்பது வருஷமாக நான் பார்த்தது
போக்னாவின் பிடரியை.
முகத்தைப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டன.
காதுக்குக் கீழே ஒரு மச்சம்,
மேடைக்கு மேடை அவிழும் உடைக் கொக்கி,
அதற்கென்றே என் சட்டைக்குள் குத்திவைத்த ஊக்கு,
இதெல்லாம் என் பொறுப்பு.

ராடோம் நகரத்துச் சட்டை ஆலையில்
கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள்.
சனிக்கிழமைகளில் கல்யாணப் பாட்டு.
அக்கார்டியன்காரர் கூலியை வோட்காவாகக் கொடுப்பார்.
திங்கள் காலை அதை வாங்கிய கடைக்கே கொண்டுபோய்
விற்றுக் காசாக்குவாள்.

முதல் பாட்டு
ஒரு கேஸ் பில்லைப் பற்றியது.
நிஜமாகத்தான்.
கூட இருந்தவன் மூன்று மாத பாக்கியைச்
சமையல் மேஜையில் உப்புக் குப்பியடியில் செருகிவிட்டுப்
போய்விட்டான்.
"பில்லை வைத்துவிட்டுப் போனாயே" என்று எழுதியிருந்தாள்.
தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
மைக்கில் சொன்னார்:
பில்லுக்கு எவனும் ஆடமாட்டான்.
இதயம் என்று போடு.

போட்டாள்.
பதினொரு வாரம் முதலிடம்.

வானொலி சொல்லி நாங்கள் நம்பவில்லை.
வார்சா சந்தையில்
மடக்குக் கட்டில்மேல் பரப்பியிருந்த கள்ளக் கேசட்டுகளில்
அவள் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்,
அப்போதுதான் நம்பினோம்.
பணத்தில் பூஜ்யங்கள் மலிந்த காலம்.
இருபதாயிரம் ஸ்லாட்டி என்றான்.
அவள் பேரம் பேசினாள்.
தன் பாட்டையே
இரண்டாயிரம் குறைத்து வாங்கிக்கொண்டு
டிராமில் கடைசி நிறுத்தம்வரை சிரித்தாள்.

அப்புறம் எல்லாம் வந்தது.
வெள்ளைக் கார், வக்கீல்,
யாரோ ஒருத்தரோடு கல்யாணம்,
அதே யாரோவோடு வழக்கு.
ஏழு வருஷம் கழித்து ஒரு தபால்:
அந்தப் பழைய பில், கட்டிய ரசீதோடு.
கடிதம் இல்லை.
ரசீதை அவள் உடைப்பெட்டியின் மூடியில்
உள்பக்கமாக ஒட்டிவைத்தாள்.
திறக்கும்போதெல்லாம் தெரியும்.

லூப்ளினில்தான் அது நடந்தது.
தொண்டையில் முடிச்சு என்று டாக்டர் சொல்லி
நாலு நாள்.
மூன்றாவது பல்லவியில் அந்த உச்சம் வரும்,
ஊரே காத்திருக்கிற இடம்.
வாய் திறந்தாள்.
முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.
பாடினேன்.
அவள் உதட்டில் மைக், அதில் என் குரல்.
அரங்கம் எழுந்து நின்றது
அவளுக்காக.

ராத்திரி ஓட்டலில் ஒன்றும் பேசவில்லை.
ஜாடியிலிருந்து ஊறுவெள்ளரி எடுத்துத்
தின்றுகொண்டே ஜன்னலில் நின்றாள்.
அடுத்த மாதம் என் உறை கனத்தது.
நான் எண்ணவில்லை.
எண்ணினேன்.

போன கோடையில் திறந்த மைதானம்.
நாற்பதாயிரம் பேர்.
அந்த வரி வந்தபோது,
ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை,
"பில்லை வைத்துவிட்டுப் போனாயே"
என்று பாடினாள்.
தெளிவாக, கொஞ்சம் கோபமாகக்கூட.
நாற்பதாயிரம் வாய்
"இதயத்தை" என்று அதன்மேல் இடிந்து விழுந்தது.
அவள் பாட்டில் அவள் சொல்லை
ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது.
அந்தச் சொல்லுக்கு எனக்குச் சுருதி எழுதித் தரவில்லை,
இருந்தாலும் இரண்டாம் முறை
நானும் பில் என்றே பாடினேன்.
எங்கள் இருவர் பாக்கிக்கு எதிராக
ஒரு மைதானமே இதயம் இதயம் என்றது.

பிடரி குலுங்கியது.
சிரிக்கிறாளா, அழுகிறாளா?
பத்தொன்பது வருஷமாகியும்
பின்னாலிருந்து எனக்குப் பிரித்தறியத் தெரியாது.

கொக்கி அவிழ்ந்திருந்தது.
விளக்கணையும் அந்த ரெண்டு நொடியில்
மூன்றடி முன்னால் போய்
ஊக்கைக் குத்திவிட்டு வந்தேன்.